ஓடாவி வீட்டில் இன்னொரு ஓடாவியின் அலுமாரி

எங்கள் ஒழுங்கையில் பொறாமைக்காரருக்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டு முருங்கை காய்த்தால் அடுத்த வீட்டுக்குத் தலையிடி வரும். ஒருத்தியின் மகன் சோதனை பாஸ் பண்ணினால் இன்னொருத்தி கொஞ்ச நாளைக்கு வெளியே தலைகாட்டமாட்டாள். ஆனால் அதெல்லாம் ஆள்மேல் ஆள் படுகிற பொறாமை. ஓர் அலுமாரியைப் பார்த்து வருசக்கணக்காக வயிறெரிந்த மனிசன் எனக்குத் தெரிந்து அருளம்பலத்தார் ஒருவர்தான். அந்த அலுமாரி அயலவன் வீட்டில் இருந்திருந்தாலும் பரவாயில்லை. அது அவருடைய சொந்தப் படுக்கையறையில் நின்றது.

அருளம்பலத்தார் ஓடாவி. திருகோணமலை உள்துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டிலில் பட்டறை வைத்து, கதிரை, மேசை, கட்டில், கதவு என்று எல்லாத் தச்சுவேலையும் செய்தவர். கெட்டிக்காரர்தான், அதை நான் மறுக்கமாட்டேன். அவர் செய்த கதிரையில் இருந்து யாரும் விழுந்ததில்லை. ஆனால் நல்ல அலுமாரி என்று கதை வந்தால் ஊர் அவருடைய பெயரைச் சொல்லாது. கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வந்து வேலை செய்துவிட்டுப் போகிற ஸைனுலாப்தீன் ஓடாவியின் பெயரைத்தான் சொல்லும்.

அருளம்பலத்தாருக்குச் சாம்பல்தீவில் பெண் பேசியபோது, பெண்ணின் தகப்பன் தன் வளவுப் பலாவைத் தறித்து ஸைனுலாப்தீனிடம் அலுமாரிக்குக் கொடுத்து முடித்திருந்தார். மாப்பிள்ளையே ஓடாவியாக வந்து வாய்ப்பார் என்று அந்த மனிசன் கனவா கண்டார்? "மரத்தைத் திருப்பி வாங்கி மாப்பிள்ளையிட்டையே குடுப்பமே" என்று யாரோ கேட்டதற்கு, பெண்ணின் மாமி வாயில் கைவைத்தாளாம். "தன்ர சீதனத்தைத் தானே சீவிக் கொண்டுபோற மாப்பிள்ளை எண்டு ஊர் சிரிக்காதோ?" அதோடு அந்தக் கதை முடிந்தது.

கலியாணத்துக்கு முதல்நாள் அலுமாரி வந்து இறங்கியது. மஞ்சளில் முக்கியெடுத்தது போல நிறம். புதுப் பலா அப்படித்தான் இருக்கும். பார்த்தவுடன் அருளம்பலத்தாருக்குச் சந்தோசம். ஏனென்றால் அதில் ஒரு வேலைப்பாடும் இல்லை. கொடி இல்லை, பூ இல்லை, மயில் இல்லை. வழுவழுவென்று வெறும் பலகை. இதற்கா இவ்வளவு புழுகு என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, கதவு பொருத்த வந்திருந்த ஸைனுலாப்தீனிடம் வாயைக் கொடுத்தார்.

"என்ன நானா, ஒரு பூக்கூட வெட்டேல்லையோ?"

"வெட்டல்ல தம்பி, வெச்சிருக்கன்" என்றார் ஸைனுலாப்தீன். "ஆறுதலாப் பாருங்க."

அருளம்பலத்தார் அன்று பார்த்தார், அடுத்த மாதமும் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கிழவனுக்கு வாய் மட்டும் நீளம் என்று முடிவுகட்டிக்கொண்டார்.

பலாவின் மஞ்சள் நிற்காது. வெளிச்சம் படப்பட அது தேன்நிறமாகும், பிறகு பழுப்பாகும், வருசங்கள் போக நல்ல சிவப்புக்கு வந்து நிற்கும். இது ஓடாவிமார் எல்லோருக்கும் தெரியும், அருளம்பலத்தாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதது, இரண்டு கதவுக்கும் மேலே இருந்த சட்டத்தில் ஸைனுலாப்தீன் முதிரை மரத்தில் சீவிய சின்ன முளைகளை இறக்கி வைத்திருந்தது. நடுவில் ஒன்று, சுற்றிவர ஆறு. முதிரையும் புதிதில் மஞ்சள், பலாவும் மஞ்சள். எந்தக் கண்ணுக்கும் பிடிபடாது. ஆனால் பலா கறுத்துச் சிவக்க, முதிரை பொன்நிறத்திலேயே நின்றுவிடும். மூன்றாம் வருசம் ஒரு விடியற்காலை பெண்சாதி பூரணி அறைக்குள்ளிருந்து கத்தினாள்.

"இஞ்சருங்கோ, ஓடிவாங்கோ! அலுமாரியில பூ வந்திருக்கு!"

அருளம்பலத்தார் வந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "அது பூஞ்சணம்" என்றார். "துடைச்சா போயிடும்."

பூரணி துடைத்தாள். பூ இன்னும் பளிச்சென்று வந்தது. அன்றைக்கே ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சட்டத்தின் நடுவில் சின்னதாய் ஒரு பொன் பூ. வருசம் போகப்போக அலுமாரி சிவந்தது, பூ எடுப்பாய் நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "உங்கட வேலையோ?" என்று கேட்பார்கள். அவர் வாய் திறக்குமுன் குசினிக்குள்ளிருந்து பூரணியின் பதில் வரும். "இல்லையில்லை, அது எங்கட அப்பாவின்ர மரம், ஸைனுலாப்தீன் ஓடாவியின்ர வேலை." அவளிடம் ஒரு கள்ளமும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். ஆனால் அந்த ஒவ்வொரு தடவையும் மனிசனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

தானும் அப்படி ஒன்று செய்து காட்டவேண்டும் என்று அவர் படாதபாடு பட்டார். பொறுமை மட்டும் இல்லை. வெளிச்சம் வருசக்கணக்கில் செய்கிறதை அவர் ஒரு கிழமையில் செய்யப் பார்த்தார். புதுப் பலாவுக்குச் சிவப்புச் சாயம் பூசி, மேலே பொலிஷ் போட்டுக் கொடுத்தார். கொடுத்த அன்று வடிவாகத்தான் இருந்தது. நாளாக, மேலே சாயம் வெளிற, கீழே மரம் தன்பாட்டுக்குக் கறுக்க, அலுமாரிகள் தேமல் பிடித்த முதுகாய் வந்து நின்றன. அதற்குப் பிறகு அவரிடம் கதவும் கட்டிலும்தான் கேட்டு வந்தார்கள்.

ஸைனுலாப்தீன் மௌத்தானபோது அருளம்பலத்தார் கிண்ணியாவுக்குப் போய்த் துக்கம் விசாரித்தார். திரும்பி வரும்போது மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்ததை நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். ஆனால் செத்தவருடைய வேலைக்கு மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. உயிரோடு இருக்கிற ஆளிடம் என்றால் ஏதாவது பிழை பிடித்துச் சண்டைக்குப் போகலாம். கப்றில் கிடக்கிறவரோடு என்ன செய்வது?

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஊர் குழம்பியது. சுட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று கேட்டதும் உடுத்த உடுப்போடு நிலாவெளிப் பக்கம் ஓடினோம். முகாமில் பல மாதம். அந்த ஓட்டத்தில் பூரணியின் தகப்பன் காணாமல் போனார். எங்கே போனார், யார் பிடித்தார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியாது. சாம்பல்தீவு வளவும் எரிந்துவிட்டது. திரும்பி வந்து வீட்டைத் திறந்தால், திறக்கக் கதவே இல்லை. அறைக்குள் அலுமாரியும் இல்லை.

அருளம்பலத்தார் செய்த கட்டில் இருந்தது. அவர் செய்த மேசை இருந்தது. நாலு கதிரையும் வைத்த இடத்திலேயே இருந்தன. கள்ளன் ஒவ்வொன்றாய்ப் பார்த்து, கழித்துவிட்டு, ஸைனுலாப்தீனின் அலுமாரியை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். பூரணி வெறும் சுவரைப் பார்த்துக் குழறி அழுதாள். அவர் தன் கதிரையில் இருந்துகொண்டு, "இதுகளுக்கு என்ன குறை எண்டு விட்டிட்டுப் போனவன்?" என்று கேட்டார். அந்த நேரத்திலும் அதுதான் அவருக்குப் பெரிய அவமானம்.

பெண்சாதியைத் தேற்ற அவசர அவசரமாக ஒரு புது அலுமாரி செய்து கொடுத்தார். பூரணி, "நல்லாயிருக்கு" என்றாள். ஆஸ்பத்திரிச் சோற்றை நல்லாயிருக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அவளுடைய கண் முதலில் அலுமாரியைத்தான் தேடும். "அப்பாவின்ர வளவில மிஞ்சினது அது ஒண்டுதான் அக்கா. எங்கையோ ஒரு வீட்டில நிக்கும். கண்டா விடமாட்டன்" என்று என்னிடமே எத்தனையோ தரம் சொன்னாள்.

குழப்பத்துக்குப் பிறகு இரண்டு வீடு தள்ளிக் குடிவந்த புஷ்பவதி தபால் கந்தோரில் வேலை பார்த்தவள். அவளுக்கு ஓர் அலுமாரி தேவைப்பட்டது. சந்தைக்குப் பின்னால் சோமசேகரம் என்பவன் பழைய சாமான் வாங்கி விற்றுக்கொண்டிருந்தான். எங்கிருந்து வாங்குகிறான் என்று அந்த நாட்களில் யாரும் கேட்பதில்லை. மரம் உளுத்ததோ என்று பார்த்துச் சொல்ல அருளம்பலத்தாரையும் வரச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். அலுமாரி என்ற சொல் காதில் விழுந்ததும் பூரணியும் கூடவே போனாள்.

கொட்டிலுக்குள் பளீரென்ற மஞ்சளில் ஓர் அலுமாரி நின்றது. "புதுப் பலா ஓடாவியார்" என்றான் சோமசேகரம். "வெளிநாட்டுக்குப் போன ஆக்கள் தந்திட்டுப் போனவை."

புதுப் பலாவாம்! சீவுளி ஓடிய தடத்தை அருளம்பலத்தார் தூரத்திலேயே கண்டுவிட்டார். சொந்தக்காரர் வந்து நிறத்தைப் பார்த்துப் பிடித்துவிடுவார்களே என்று, களவுச் சாமானை மேல்தோல் போகச் சீவி விற்கிற காலம் அது. பழைய பலாவைச் சீவினால் சிவப்பெல்லாம் சுருள்சுருளாய்க் கழன்று விழ, உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் திரும்ப வெளியே வரும். பிறகு அது நேற்று இழைத்த மரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் கதவைத் திறப்பது போலப் போய், மேல்சட்டத்தின் நடுவில் பெருவிரலை வைத்தார். முதிரை முளையின் நுனி விரலில் மெல்லத் தட்டியது. ஒன்று. அதைச் சுற்றி ஆறு.

"இஞ்சருங்கோ" என்றாள் பூரணி பின்னாலிருந்து. "இந்த உயரம், இந்தக் கதவு… எங்கட மாதிரியே கிடக்கு. வடிவாப் பாருங்கோ. இது எங்கட அலுமாரியோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். புஷ்பவதி பிடிவாதக்காரி இல்லை, தானே விலகியிருப்பாள். சோமசேகரமும் களவு வெளிப்பட்டால் வாயை மூடிக்கொண்டு கொடுத்திருப்பான். ஆனால் அந்த ஓம் என்ற சொல்லோடு அலுமாரி திரும்பவும் தன் அறைக்குள் வந்து நிற்கும், திரும்பவும் சிவக்கும், திரும்பவும் பூக்கும், திரும்பவும் குசினிக்குள்ளிருந்து அந்தப் பெயர் கேட்கும் என்பதை நினைத்தார்.

"நீர் என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?" என்றார். "உம்மட அலுமாரி நல்ல சிவப்பு. இது பச்சை மஞ்சள். பூ எங்க? ஒரு முளையும் இல்லை."

பூரணி கிட்டப் போய்ப் பார்த்தாள். மஞ்சளுக்குள் மஞ்சள். ஒன்றும் தெரியவில்லை. "ஓம், இல்லைத்தான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தகப்பனைத் தொலைத்துவிட்டு நிற்கிற பெண்சாதிக்கு ஒரு மனிசன் இப்படிச் செய்வானா என்று கேட்டால், செய்வான். பொறாமை மண்டைக்குள் ஏறினால் எதையும் செய்வான்.

பலா திரும்பக் கறுக்கும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் யுத்த காலத்தில் ஐந்து வருசத்துக்கு அப்பால் யார் கணக்குப் பார்த்தார்கள்? அதற்குள் புஷ்பவதி எங்கே இருப்பாளோ, தாங்கள் எங்கே இருப்பார்களோ, இந்த ஒழுங்கையே இருக்குமோ! அந்தத் துணிவில்தான் பொய் சொன்னார். ஊர்ப் பிரச்சினையை நம்பிப் பொய் சொன்ன மனிசனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என்றாலும் ஒரு பாதுகாப்புக்காகப் புஷ்பவதிக்குப் புத்தி சொன்னார். "தங்கச்சி, இந்த மஞ்சள்தான் இதுக்கு வடிவு. வெளிச்சம் பட விடாதையும். பின்னறையில ஒரு பெட்சீற்றால மூடி வையும்." ஓடாவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் யன்னல் இல்லாத பின்னறையில் வைத்து மூடிவிட்டாள். இடைக்கிடை ஏதாவது சாட்டோடு போய்ப் பெட்சீற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. ஒழுங்கையில் யாரும் இடம்பெயரவுமில்லை.

பிறகு கிளிவெட்டிப் பக்கம் பிரச்சினை. புஷ்பவதியின் சொந்தக்காரர் பிள்ளைகுட்டிகளோடு வந்து அவளுடைய வீட்டில் இறங்கினார்கள். படுக்க இடம் வேண்டுமென்று பின்னறைச் சாமானெல்லாம் முன்னறைக்கு வந்தது. விரிக்கத் துணி வேண்டுமென்று மூடியிருந்த பெட்சீற்றும் போனது. அலுமாரி கிழக்குப் பார்த்த யன்னலுக்கு நேரே வெறும் மேலோடு நின்றது. ஒழுங்கையால் போன அருளம்பலத்தார் அதைக் கண்டு திடுக்கிட்டார். வீட்டுக்குப் போய்த் தங்களுடைய நல்ல பெட்சீற்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்து மூடினார். அடுத்த நாள் பார்த்தால் அதுவும் ஒரு குழந்தைக்கு ஏணை கட்டப் போய்விட்டது. இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு கிழவி படுத்திருந்தாள். பூரணிக்கு விசயம் தெரிய வந்தபோது அவள் நெகிழ்ந்து போனாள். "வெளியில காட்டமாட்டார், ஆனா நல்ல இரக்கமான மனிசன்" என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் புகழைக் கேட்டார்.

"தங்கச்சி, ஒரு கறுத்தப் பொலிஷ் அடிச்சு விடட்டோ? ஒண்டும் தர வேண்டாம்" என்றும் கேட்டுப் பார்த்தார். "இந்தச் சனத்துக்குள்ள பொலிஷ் மணம் ஏலாது அண்ணை" என்று அவள் மறுத்துவிட்டாள்.

கிளிவெட்டிச் சனம் அங்கேயே தங்கிவிட்டது. அலுமாரி தேன்நிறத்துக்கு வந்தது. பழுப்புக்கு வந்தது. அருளம்பலத்தாருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த யன்னலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புஷ்பவதி படலையைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்தாள்.

"பூரணியக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ! என்ர அலுமாரியில தன்பாட்டில ஒரு பூ வந்திருக்கு!"

பூரணி கையிலிருந்த அகப்பையோடு அப்படியே போனாள். அருளம்பலத்தார் பின்னால் போனார். போகாமல் இருந்திருக்கலாம். கால் கேட்கவில்லை.

நடுவில் ஒன்று, சுற்றிவர ஆறு. பூரணி பூவில் கையை வைத்தாள். "அப்பா" என்று மட்டும் சொன்னாள். புஷ்பவதிக்கு விசயம் விளங்க, முகம் கறுத்துவிட்டது. அவள் நல்ல மனம் உள்ளவள். மனிசனைக் காப்பாற்றவென்றே சொன்னாள்.

"அண்ணைக்கு அண்டைக்குத் தெரியேல்லை அக்கா, அவரை ஏசாதேங்கோ. ஸைனுலாப்தீன் ஓடாவியின்ர வேலையைக் கண்டுபிடிக்க எல்லா ஓடாவிக்கும் ஏலுமே?"

"ஓம், அதுவும் சரிதான்" என்றாள் பூரணி. "அவருக்கு எங்க அது தெரியப்போகுது?"

தப்பிப்பதற்கு வாசல் திறந்து கிடந்தது. ஓம், தெரியவில்லை என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அருளம்பலத்தாரால் முடியவில்லை.

"எனக்கோ தெரியாது?" என்று சீறினார். "தொட்ட உடனேயே தெரியும்! ஏழு முளையும் இந்தப் பெருவிரலுக்குத் தெரியும்! கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. ஏணையில் கிடந்த குழந்தை அழுதது. யாரும் ஆட்டவில்லை.

பூரணி அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். புஷ்பவதி, "கொண்டுபோங்கோ அக்கா, இது உங்கட சாமான்" என்று கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் தங்கச்சி" என்றாள் பூரணி. "அந்த வீட்டில இதை வச்சா இன்னொருக்காக் களவு போகும். இதுக்குள்ள எனக்கு ஒரு தட்டு மட்டும் தாரும்."

அன்று பின்னேரமே தன்னுடைய கூறைச்சேலையையும் நல்ல உடுப்புகளையும் கொண்டுபோய் அந்தத் தட்டில் அடுக்கினாள். நல்லது கெட்டதுக்குப் போவதென்றால் புஷ்பவதி வீட்டுக்குப் போய் உடுத்துக்கொண்டு அங்கிருந்தே கிளம்புவாள். அவருக்குச் சோறு போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள். அவரோடு கதைப்பது மட்டும் இல்லை. சாயங்காலங்களில் புஷ்பவதி வீட்டிலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் வரும். இவ்வளவு காலமும் செத்தவர்மேல் பொறாமைப்பட்டவர், இப்போது தபால் கந்தோர்ப் பெட்டைமேல் பொறாமைப்பட்டார்.

கோயில் தேர் வந்தது. அருளம்பலத்தார் குளித்துவிட்டுத் தன் பட்டு வேட்டியைத் தேடினார். வீடு முழுக்கத் தேடியும் இல்லை.

"அது அங்க, என்ர சீலையோட கிடக்கு" என்றாள் பூரணி. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவரோடு கதைத்த முதல் கதை அது. "வேணுமெண்டா நீங்களே போய் எடுங்கோ."

போனார். புஷ்பவதி வழி விட்டாள். அவர் அலுமாரிக் கதவைத் திறந்தார். சத்தமில்லாமல், விரலுக்குப் பாரமே தெரியாமல் அது திறந்தது. அவருடைய வேட்டி பூரணியின் கூறைக்கும் இன்னொரு சேலைக்கும் நடுவில் அளவாய் மடித்துக் கிடந்தது. அதைக் கண்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, திரும்பத் திறந்து, திரும்பவும் சாத்திப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்தக் கதவு கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு. நான் வேணுமெண்டா ஒரு சீவல் சீவி விடட்டோ?"

"வேண்டாம் அண்ணை" என்றாள் புஷ்பவதி. "அக்கா காலமையே வந்து சொல்லிப்போட்டுப் போனவ. 'அந்தாள் வேட்டி எடுக்க வரேக்க கதவு இறுக்கம் எண்டு சொல்லும், சீவ விட்டிடாதையும்' எண்டு."

அருளம்பலத்தார் கதவிலிருந்து கையை எடுத்தார். வேட்டியோடு வெளியே வந்தார்.